ஏழுமலையின் தண்ணீர் கேன்

தட்டாருக்குத் தங்கம் எப்படியோ, ஹார்மோன் வார்டு நர்ஸுக்கு மூத்திரம் அப்படி. ஒரு சொட்டு சிந்தினாலும் பதறிவிடுவோம். ஆஸ்பத்திரியில் டப்பாவும் கையுமாக வெட்கப்பட்டு நின்ற உங்களுக்கு இது புரியும்.

தூங்கும் வாட்ச்மேன்

வீராம்பட்டினம் ஏழுமலை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் நிறமே இல்லாமல் அப்படியே வெளியே போனது. சர்க்கரையும் இல்லை. படகில் எல்லாருக்குமான கேனை அவர் ஒருவரே காலி செய்ததால், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் வரவேண்டாம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். கடலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"மூளை ஒரு ஹார்மோனை அனுப்பும். அதான் கிட்னிக்கு வாட்ச்மேன். 'தண்ணிய வெளிய விடாத, ரத்தத்துக்கே திருப்பி அனுப்பு'ன்னு சொல்லும். பிராந்தி உள்ள போனா அது தூங்கிடும். நம்ம ஊரு பார் பக்கம் சுவரோரமா எவ்ளோ பேர் நிக்கிறாங்க, பார்த்ததில்ல?" என்று விளக்கினேன். ஏழுமலை சட்டென்று மனைவி செல்வியிடம் திரும்பினார்.

"கேட்டுக்க! எனக்குக் குடிக்காமலே தூங்குறான்!"

நுங்கு

இதை உறுதிசெய்ய ஒரு பரிசோதனை உண்டு. காலையிலிருந்து தண்ணீர் தரமாட்டோம். அப்போதும் மூத்திரம் குறையாவிட்டால் வாட்ச்மேன் வேலையில் இல்லை என்று அர்த்தம். பிறகு அதே வேலையைச் செய்யும் மருந்தை ஊசியில் போட்டுப் பார்ப்போம். பாத்ரூம் வாசலில் நானே காவல் நின்றேன். உதடு காய்ந்து அவர் கெஞ்சியபோது பாவமாகத்தான் இருந்தது. மதியம் பார்த்தால் கட்டிலடியில் நுங்குத் தோல் குவிந்து கிடக்கிறது! பட்ட பாடெல்லாம் வீண். கோபத்தில் கத்திவிட்டேன். செல்வி அசரவே இல்லை.

"தண்ணிதான குடுக்கக் கூடாதுன்னீங்க? நுங்கு திங்கறதாச்சே சிஸ்டர்!"

மஞ்சள்

இரண்டாம் முறை செல்வியை வெளியே உட்கார வைத்தேன். தண்ணீர் தராமலும் மூத்திரம் குறையவில்லை, ஊசி போட்டாயிற்று. இதற்கும் மூத்திரம் குறையாவிட்டால் கோளாறு கிட்னியிலேயே இருக்கிறது, வைத்தியம் கஷ்டம். ஏழுமலை டப்பாவோடு உள்ளே போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் கதவு திறந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி கூவினார்.

"கொஞ்சூண்டுதான் சிஸ்டர்! அதுவும் மஞ்சளா இருக்கு!"

கேன்

அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, பழக்கதோஷத்தில் தண்ணீரைக் குடித்துத் தள்ளாமல் தாகத்துக்கு மட்டும் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார். தடைக்காலம் முடிந்த சில நாளில், கையில் சங்கரா மீனோடு வார்டு வாசலில் ஏழுமலை.

"கரைக்கு வந்தப்பவும் கேன்ல தண்ணி மிச்சம் சிஸ்டர். அதுலதான் இந்த மீனயே கழுவுனேன்."

அடுத்தவர் மூத்திரம் குறைந்ததற்காக மனசு நிறைகிற தொழில் எங்களுடையது ஒன்றுதான்.