எண்பத்தெட்டாம் மரத்தின் மூச்சு

பூங்காவில் அவளுக்கு அளவுக்காரி என்றுதான் பேர். அங்கே நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தகர எண். மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவெடுப்பாள், மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுப்பாள், பதிவேட்டில் 'கெட்டி' என்றோ 'உளுத்தது' என்றோ எழுதுவாள். இருபது வருஷமாக இதுதான் வேலை. அவள் காதை ஏமாற்றிய மரம் கிடையாது. ஏமாற்றியது அவள்தான், அதுவும் ஒரே ஒரு மரத்துக்காக.

கணவர் அதே பூங்காவில் காவலாளி. இழுப்பு உள்ள மனுஷன். இரண்டு குட்டை மூச்சு, பிறகு ஒரு நெட்டை மூச்சு. அதைக் கேட்டே அவர் எந்த மூலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். என்ன பெரிய மூலை, பதினான்கு வருஷமும் எண்பத்தெட்டாம் மரத்தடி பெஞ்சுதான். திருடனைப் பிடித்தாரோ இல்லையோ, பெஞ்சை விட்டதில்லை. ஒரு மத்தியானம் அங்கேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு குட்டை மூச்சு விட்டார். பக்கத்தில் நின்றவள் நெட்டை மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

அடுத்த மாதம் மரங்களுக்கெல்லாம் ஸ்பிரிங் வைத்த எஃகுப் பட்டை கட்டினார்கள், எவ்வளவு பருக்கிறது என்று பார்க்க. கட்டும்போது அதிகாரி பாடம் நடத்தினார். "இந்தக் கட்டை மண்ணால ஆனதுன்னு நினைக்கறீங்களாம்மா? காத்தால ஆனது. நாம விடற மூச்சுல கரியமில வாயு இருக்கில்ல, அதை இலை இழுத்துக்குது. அதுல உள்ள கரிதான் கட்டையாகுது. காஞ்ச மரத்துல பாதி எடை அதான். எரிச்சா மறுபடி காத்தோட போயிடும்."

"யாரு மூச்சா இருந்தாலுமா சார்?"

"மரம் ஆள் பார்த்தா இழுக்கும்?" அவர் சிரித்தார்.

அவள் திரும்பி எண்பத்தெட்டாம் மரத்தடி பெஞ்சைப் பார்த்தாள்.

மரம் விடியலில் மயிரிழை உப்பும், வெயில் ஏறினால் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. எண்பத்தெட்டில் தெரிந்தது. ஸ்பிரிங் இரண்டு தடவை சின்னதாக அசைந்தது, பிறகு ஒரு தடவை நீளமாக. மறுபடியும் அப்படியே. அவர் மூச்சேதான்.

அன்றைக்குச் சுத்தியால் தட்டினாள். காலிக் குடத்தைத் தட்டியது போல 'டொம்' என்றது. உள்ளதை எழுதினால் வெட்டுவார்கள், கட்டை பக்கத்துக் கட்டடத்தின் கொதிகலனுக்குப் போகும், அவரும் புகையோடு போவார். 'கெட்டி' என்று எழுதினாள். மறுவருஷமும் எழுதினாள்.

அந்தக் கோடையில் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அளவுக்காரி நாடாவோடு திரும்புவதற்குள் மகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க வேணாம்டி."

"ஏம்மா? அப்பா உக்காந்த இடம்தானே. புள்ளையும் உக்காரட்டும்."

ஏன் என்று எப்படிச் சொல்வது? காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. அவள் பட்டையைப் பார்த்தாள். சின்னதாக ஒன்று, சின்னதாக இன்னொன்று. நீளமானது வரவில்லை.

"எந்திரிடி! புள்ளையத் தூக்கிட்டு ஓடு!"

மகள் என்ன ஏதென்று கேட்காமல் ஓடினாள். பத்தடி போயிருப்பாள், ஆள் பருமன் கிளை முறிந்து விழுந்தது. பெஞ்சு இரண்டாகக் கிடந்தது. குழந்தை வீறிட்டு அழுதது; உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து பதிவேட்டை விரித்து, 'கெட்டி' என்றிருந்ததை அடித்து, 'உளுத்தது' என்று எழுதினாள். தலை நிமிர முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் வெட்டினார்கள். "நடுவுல ஒண்ணுமே இல்லம்மா," என்றார் வெட்டுகிறவர். "இந்த வெளி ஓடுதான் இத்தனை நாள் தாங்கியிருக்கு."

அவள் மரத்தோலிலிருந்து உள்நோக்கி, வருஷத்துக்கு ஒன்றாக விழுந்த வளையங்களை எண்ணினாள். அவர் போன பிறகு இரண்டு. அவர் இருந்தபோது பதினான்கு. அதற்கப்புறம் வெறும் பொந்து. சுற்றி நின்றவர்களைப் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

மூன்று நாள் கொதிகலன் புகை பூங்காவின் மேல் படுத்துக் கிடந்தது. நாலாம் நாள் காலையில் எண்பத்தொன்பதாம் மரத்துக்கு நாடாவோடு போனாள். பட்டையின் ஸ்பிரிங் இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக அசைந்தது. தொண்ணூறிலும் அதேதான். அவளுக்குப் புல்லரித்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

தொண்ணூற்றொன்றின் அடியிலும் ஒரு பெஞ்சு. தட்டினாள். 'டொம்' என்றது. ஸ்பிரிங் இரண்டு தடவை அசைந்து நின்றது.

"நீங்க எங்க வேணும்னாலும் இருந்துக்கங்க," என்றாள் மெதுவாக. "இங்க புள்ளைங்க உக்காருதுங்க."

'உளுத்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் அந்த நெட்டை மூச்சு வந்தது.