தேதி சொன்னவன் நான், மண்டபம் சகலைக்கு

மகளுக்கு நிச்சயம் முடிந்து பத்து நாள் ஆகிறது. தாலி மலைமேல் முருகன் சன்னதியில், சாப்பாடு அடிவாரத்து ஏசி மண்டபத்தில் என்று முடிவு செய்திருந்தோம். இன்று காலை அட்வான்ஸ் கொடுக்கப் போனேன்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். "அந்தத் தேதி போயிடுச்சிங்களே. ஆர்.கே.பேட்டைக்காரர் நேத்தே புக் பண்ணிட்டாரு."

பெயரைப் பார்த்தேன். என் சகலை. அவர் மகளுக்கு நிச்சயம் ஆனதே முந்தாநாள்தான்.

வாசலுக்கு வந்து போன் போட்டேன். "இன்னா சகலை, என் தேதிய எடுத்துகினீங்க?"

"நீங்கதான நம்ம ஃபேமிலி குரூப்புல போட்டீங்க, தை மாசத்துல இதவிட நல்ல முகூர்த்தமும் இல்ல, இதவிட நல்ல மண்டபமும் இல்லன்னு. உங்க வார்த்தய நம்பித்தான் பண்ணேன்."

ஆமாம், போட்டது நான்தான். அவர் வயிறு எரியட்டும் என்று போட்டேன். இப்போது எரிவது யார் வயிறு என்று சொல்லத் தேவையில்லை.

"மண்டபத்துல லிஃப்ட்டு கூட கீது சகலை," என்றார்.

வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. ஜெயித்தது அவள் தங்கை வீடாயிற்றே.

வேறு மண்டபமெல்லாம் யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் தேதி சகலை மகள் ஜாதகத்துக்கு ஆகாது என்று அடித்துச் சொல்லும் ஜோசியர் தெரிந்தால் மட்டும் கமெண்டில் போடுங்கள்.