காட்டுவதற்கென்றே ஒரு பழசு

இது நடந்தது. மேற்கு மாம்பலத்தில் மெக்கானிக் தங்கவேலின் கடை இருந்த இடத்தில் இன்று ஜூஸ் கடை இருக்கிறது. அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்கூட்டருக்குப் பிரேக் ஷூ மாற்றினால், கழற்றிய பழசை நம் கையில் கொடுத்துக் காட்டுவது மெக்கானிக் கடை வழக்கம். பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். தங்கவேல் கில்லாடி. காட்டுவதற்கென்றே தேய்ந்துபோன ஷூ ஒன்றை டிராயரில் வைத்திருந்தார். அதன் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். வருகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருப்பதையே உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டிவிடுவார். டிராயரில் இருப்பதை எடுத்து நீட்டுவார்.

"பாரும்மா, இத்த வெச்சிக்கினுதான் ஓட்டிக்கினு இருந்த."

எத்தனை பேர் அவருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். பாவி.

மகள் அன்புச்செல்வியின் வண்டி என்றால் மட்டும் கதை வேறு. புது ஷூ வாங்கி, ஓரத்தில் குங்குமம் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு மாட்டினார். அவருக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெண்தான்.

அதே வாரம் ஒரு காலையில் ஸ்வர்ணலதா வந்தாள். தி.நகர் ஜவுளிக் கடையில் வேலை, பல வருட வாடிக்கை. மகள் வைத்திருந்த அதே மாடல் வண்டி. பிரேக் பிடிக்கவில்லை என்றாள். உப்புத்தாள், டிராயர், எல்லாம் வழக்கம்போல நடந்தது.

"நீங்க சொன்னா சரிதாண்ணா."

பழசைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கடைவாசல் நாய்க்குப் பிஸ்கட் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள், உச்சி வெயில். தங்கவேல் நிமிர்ந்தார். எதிரே ஸ்வர்ணலதா, வண்டியோடு. வந்த சத்தமே கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதன் கண்ணாடியும் இறங்கியிருந்தது. அவளைக் கண்டால் வாலாட்டி ஓடும் நாய், ஆட்டோவுக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

"இன்னாம்மா, இன்னும் புடிக்கலியா?"

"அந்தப் பழசைக் குடுங்கண்ணா."

"அது இன்னாத்துக்கு?"

"என்னோடதுதானே..."

தங்கவேல் டிராயரைத் திறந்து எடுத்து நீட்டினார். அவள் விரல் பட்டது. ஐஸ்.

வண்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை... ஆனாலும் நின்றுகொண்டிருந்தது.

கை துடைக்கத் துணியை எடுத்தார். திரும்பினார்.

யாரும் இல்லை.

போன் அடித்தது. போலீஸ்.

அன்புச்செல்வி. ரயில் பாதைக்கு அடியில் இறங்கும் துரைசாமி சப்வே சரிவு. பிரேக் பிடிக்கவில்லை. எதிரே லாரி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மகளின் வண்டி கிடந்தது. சக்கரத்தை அவரே கழற்றினார். உள்ளே தேய்ந்துபோன ஷூ. ஓரத்தில் அந்த வெட்டு.

பக்கத்தில் நசுங்கிய இன்னொரு வண்டி. அதே மாடல்.

"அதுவும் அதே சரிவுதான்பா," என்றார் ஏட்டு. "நேத்து சாயங்காலம். ஜவுளிக்கடைப் பொண்ணு. ஸ்பாட்லயே போயிடுச்சு."

தங்கவேல் அந்தச் சக்கரத்தையும் கழற்றினார்.

உள்ளே புத்தம் புது ஷூ.

அவர் வைத்த குங்குமம், அழியாமல்.