தெற்கே திரும்பிய முள்

கோவில்பட்டியில் மகளுக்கு வாங்கிய அறிவியல் பெட்டியின் புது பிளாஸ்டிக் வாசனை, இப்போது இடித்துவிட்ட எங்கள் கரிசல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே இதேபோன்ற பெட்டியைப் பையன்கள் பிரித்து விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் தூசி தட்டி அலமாரியில் வைக்க வேண்டும். ஒருநாள் அதிலிருந்த காந்தத்தைக் கேட்டேன். “ஏட்டி, சோறு பொங்கப் போறவளுக்குக் காந்தம் எதுக்கு?” என்றார் சார். வகுப்பே சிரித்தது.

மறுநாள் தூசி தட்டும்போது, பெட்டியில் இருந்த திசைகாட்டியின் முள் தலைகீழாகத் திரும்பி நிற்கும்வரை அந்தக் காந்தத்தை அதன்மேல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் சார் அந்தத் திசைகாட்டியைப் பெருமையாக நீட்டினார். வடக்கே நிற்க வேண்டிய சிவப்பு முனை தெற்கே நின்றது.

“என்ன சார், ஒங்க ஊர்ல சூரியன் மேக்க உதிக்குமோ?” என்றார் அதிகாரி.

சார் அதைத் தட்டினார், குலுக்கினார். அவர் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

போன வருஷம் அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அந்த வேர்த்த முகம்தான் நினைவுக்கு வந்தது. அப்போதும் இனித்தது.