அடிமண்டியைக் கொட்டச் சொன்னவர்

விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர், திண்டிவனம் மார்க்கெட் முனையில் என்னைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "உங்ககூட மருந்துக் கம்பெனியில இருந்தாங்களே எஸ்தரம்மா, அவங்க பூட்டாங்க. விஷக் காய்ச்சலாம். சாயந்தரம் அடக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடி விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். செத்துப்போனவரை நினைத்து ஒரு மனுஷன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் ஞானமணி அம்மையாரை அறிந்தவர்கள் இந்த இரண்டு ஊரிலும் நிறையப் பேர். பாதிப் பேர் அவரை வாழ்த்துகிறவர்கள், மீதிப் பேர் இன்றைக்கும் திட்டுகிறவர்கள். ஒலக்கூர்ப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய் ரசாயனத்தில் பட்டம் வாங்கி, யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்னால் எங்கள் மருந்துக் கம்பெனிக்குப் பரிசோதகராக வந்தார். நான் அந்தக் கம்பெனியின் ஏஜெண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, வாயாலேயே பிழைத்தவன். "ஒரு பொம்பளைக்கு இங்க என்னா வேலை?" என்று அவர் வந்த அன்றே கேட்டேன். "நீங்க கடையில போய்ச் சொல்றதுல எவ்ளோ நெசம், எவ்ளோ புளுகுன்னு பாக்கிற வேலைங்கண்ணே" என்றார். அதன் பிறகு என் வாய் அவரிடம் மட்டும் கொஞ்சம் அடங்கியே இருந்தது.

சீதபேதிக்கு நாங்கள் குடசப்பாலைப் பட்டையில் ஒரு சாறு செய்தோம். பட்டை செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து மூட்டையாக வரும். ஒருமுறை வியாபாரி மூட்டையை இறக்கிய கையோடு, எஸ்தரம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்துத் துப்பினார். "கசக்கலையே. இது வெட்பாலை" என்றார். பார்வைக்கு இரண்டு மரமும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். நாக்கு சொன்னதோடும் அவர் விடவில்லை. பட்டையை அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, அதில் ஏதோ ஒரு கரைசலைச் சொட்டுவிட்டார். சரியான சரக்காக இருந்தால் பால் மாதிரிக் கலங்குமாம். இது தண்ணீராகவே நின்றது. "யாரு வயித்துல போறோம்னு மருந்து பாக்காது. நாமதான் பாக்கணும்" என்று சொல்லி மூட்டையைத் திருப்பி அனுப்பினார். முதலாளிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அந்த முகத்தைப் பின்னால் பலமுறை பார்த்தோம்.

இனி டானிக் விஷயத்துக்கு வருகிறேன். மலேரியா அடித்து எழுந்தவர்களுக்கு என்று நாங்கள் ஒரு டானிக் விற்றோம். பழுப்புப் புட்டி, லேபிளில் யானைக்குட்டிப் படம், ஏலக்காய் வாசனை. அதில் உயிர்நாடி எட்டிக்கொட்டைச் சத்து. எட்டி விஷம்தான், ஆனால் துளியிலும் துளியாகச் சேர்த்தால் நரம்புக்குத் தெம்பு. டாக்டர்கள் எல்லாரும் எழுதிக்கொடுத்த சங்கதிதான் அது. யுத்தம் முற்றியதும், அந்தச் சத்தைக் கரைக்கிற ஸ்பிரிட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. அக்காள் பிரசவத்துக்காக எஸ்தரம்மா விழுப்புரம் போயிருந்த சமயம் பார்த்து, முதலாளி தானே செய்முறையை மாற்றினார். ஸ்பிரிட்டைக் குறைத்து வெல்லப்பாகை ஏற்றினார். நல்ல தூக்கம் வரட்டும் என்று புரோமைடு உப்பையும் சேர்த்தார். பரிசோதனை செய்ய ஆளில்லாமலே சரக்கு வெளியே போனது. நானும் வழக்கம்போல் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஜனங்கள் கொண்டாடினார்கள். "படுத்தா பொழுது விடியற வரைக்கும் தூக்கங்க" என்றார் ஒருவர். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். எஸ்தரம்மா ஊரிலிருந்து திரும்பி, மாற்றத்தைக் கேள்விப்பட்டு, முதலாளியோடு ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் நான் விக்கிரவாண்டியில் கேட்ட கதையை அவர் அறையில் போய் உட்கார்ந்து அளந்தேன். காய்ச்சலிலிருந்து எழுந்த ஒரு வண்டிக்காரர், நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று உடம்பு வில்லாக வளைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு செத்துப்போனார். காற்று சேஷ்டை என்று ஊரில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். எஸ்தரம்மா சிரிக்கவில்லை. "அவரு நம்ம டானிக் குடிச்சாரா? புட்டி காலியாண்ணே?" என்று கேட்டார். காலி என்றேன். அவர் கையிலிருந்த கண்ணாடிக் கோலை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

ஒவ்வொரு முறை சரக்கு போகும்போதும் ஒரு புட்டியை எடுத்து வைப்பது வழக்கம். அவர் இல்லாதபோது போன சரக்கிலும் வேலையாட்கள் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள், நல்லவேளை. அதை அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, "பாருங்க" என்றார். அடியில் வெள்ளையாக, ஊசி ஊசியாக ஏதோ படிந்திருந்தது. அதில் ஒரு துளியைப் பீங்கானில் எடுத்து, கந்தக அமிலம் விட்டு, இன்னொரு ஆரஞ்சு நிற உப்பால் கீறினார். கோடு ஊதாவாக ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக மாறியது. அழகான நிறம் அது, ஆனால் எட்டி விஷத்துக்குத்தான் அந்த நிறம் வருமாம். அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். ஸ்பிரிட்டு இருந்தவரை எட்டிச் சத்து கரைந்து நின்றது. ஸ்பிரிட்டு குறைந்து, புரோமைடும் சேர்ந்ததும் பிரிந்து கீழே இறங்கிவிட்டது. குலுக்காமல் குடித்தால் மேல் கரண்டியில் வெறும் பாகும் தூக்க மருந்தும்தான் வரும். அத்தனை நாள் விஷமும் கடைசிக் கரண்டியில் மொத்தமாக நிற்கும். "இப்ப எல்லாரு வீட்டுலயும் புட்டி கொறைஞ்சிக்கினே வருதுண்ணே" என்றார்.

குலுக்கச் சொல்லி லேபிளில் இல்லையா என்றால், இருந்தது. இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதை யார் படித்தார்கள்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நம் பக்கத்தில் கஷாயம் என்றால் தெளியவைத்துத்தான் குடிப்பார்கள், கலக்கினால் வீட்டுப் பெரியவர்கள் கையில் அடிப்பார்கள். கடைசியில் நிற்கும் அடிமண்டியில்தான் சத்து என்று, தண்ணீர் விட்டு அலசி நோயாளிக்கே கொடுப்பார்கள். எங்கள் டானிக்கையும் அப்படியேதான் குடித்தார்கள்.

முதலாளி நம்ப மறுத்தார். "ஊர்ல ஜன்னி கண்டு சாகிறவன் எல்லாம் என் தலையிலயா? பேஜாரு பண்ணாதம்மா" என்று கத்தினார். எஸ்தரம்மா அந்தப் புட்டியின் அடிமண்டியை ஒரு கரண்டியில் ஊற்றி அவர் முன்னால் வைத்து, "அப்ப நீங்க குடிங்க" என்றார். முதலாளி குடிக்கவில்லை. பழைய புட்டியைக் கொடுத்தால் புதுச் சரக்கு இலவசம் என்று சொல்லி மாற்றிக்கொண்டு வரலாம், ஆனால் காரணத்தை மட்டும் எவனிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த நிபந்தனைக்கு எஸ்தரம்மா அப்போதைக்குத் தலையாட்டினார். விற்ற கடைகள் எனக்குத்தான் தெரியும் என்பதால் நானும் கூடக் கிளம்பினேன்.

அங்கேதான் விபரீதம் நடந்தது. கம்பெனிக்காரனே வீடு தேடி வந்து, முக்கால்வாசி குடித்த புட்டியைக் கெஞ்சிக் கேட்டு, அதற்குப் பதில் நிறைபுட்டி கொடுக்கிறான் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அடியில் நிற்பது தங்க பஸ்பம் என்று நினைத்தார்கள். விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் புட்டியைக் கேப்பைக் குதிரில் புதைத்துவிட்டு, "குடிச்சித் தீந்துபோச்சிங்க" என்று கையை விரித்தார்கள். நாங்கள் கேட்கக் கேட்க, நாளைக்குக் குடிக்க வேண்டியதை இன்றைக்கே குடித்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். காப்பாற்றப் போனவர்களே அவர்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில் அஞ்சலை என்ற பெண். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை போட்டிருந்த குடும்பம். புருஷன் காய்ச்சலில் எழுந்து, வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர். அஞ்சலை முந்தானைக்குள் புட்டியை மறைத்துக்கொண்டு, "ஏமாத்தப் பாக்கறீங்களா? மேல இருந்தது வெறும் தித்திப்பு. இப்பத்தான் கசப்பு ஏறுது, இதான மருந்து? இத அலசிக் குடுத்தா அவரு நாளைக்கே ஏர் பிடிப்பாரு" என்றாள். நான் ஜல்தியாக ஏதோ புளுகத் தொடங்கினேன். எஸ்தரம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"அம்மா, தெருநாயைக் கொல்ல முனிசிபாலிட்டிக்காரன் உருண்டையில வைக்கிறானே, அது என்னா?" என்று கேட்டார்.

"எட்டி" என்றாள் அஞ்சலை.

"அந்தப் புட்டி அடியில இருக்கிறது அதே எட்டிதாம்மா. எங்க கம்பெனி தப்பாச் செஞ்சிடுச்சி. விக்கிரவாண்டி வண்டிக்காரரு இதக் குடிச்சித்தான் செத்தாரு."

தெரு முழுவதும் கேட்கும்படிச் சொன்னார். எட்டி தின்ற நாய் எப்படிச் சாகும் என்பதைப் பார்க்காதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அஞ்சலை புட்டியை எட்ட வைத்துவிட்டு, கட்டிலோரம் இருந்த டம்ளரைக் காலால் தள்ளிவிட்டாள். அதற்குள் அதில் அலசி ஊற்றியிருந்தாள், பாவி மகள். புருஷன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சியா? வாய் வச்சியா?" என்று அலறினாள். அவர் வாய் வைக்கவில்லை. ஒவ்வொரு குதிரிலிருந்தும் கூரையிலிருந்தும் புட்டிகள் வெளியே வந்தன.

"எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று பழமொழி சொல்வார்கள். உண்மையைச் சொன்னவருக்கு ஊர் என்ன கொடுத்தது என்று கேளுங்கள். கம்பெனி மூடப்பட்டது. மருந்தைக் கெடுத்தவர் மச்சான் வீட்டோடு போய் நிம்மதியாக இருந்தார். எட்டி என்று தெருவில் நின்று சொன்னவரோ 'விஷம் காய்ச்சின பொம்பளை' ஆனார். வண்டிக்காரரின் மகன் அவர் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினான். "அவன் தூத்தட்டும்ணே, அவனுக்கு வேற யாரைத் தெரியும்?" என்றார். விழுப்புரத்தில் அக்காள் வீட்டோடு தங்கி, பள்ளிக்கூடப் பெண்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். எந்த மருந்துக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

எங்கள் கைக்குத் திரும்பி வராத புட்டி ஒன்று உண்டு. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு கடைக்காரர் விற்றது. திருச்சி வண்டியில் இறங்கிய ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து வாங்கினாளாம். பாண்டிச்சேரி வண்டிக்கு ஓடினாளாம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. எஸ்தரம்மா விடுமுறை நாளெல்லாம் பாண்டிச்சேரி லைனில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி விசாரித்தார். வானூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் விடவில்லை. "அவங்க குடிச்சிருந்தா எப்பவோ குடிச்சி முடிச்சிருப்பாங்க, விடும்மா" என்று ஒருநாள் கோபத்தில் சொல்லிவிட்டேன். "தெம்பு வந்துட்டா பாதியில நிறுத்திடுவாங்கண்ணே. நிறுத்தினதத் தூக்கிப் போடமாட்டாங்க. அடுத்த காய்ச்சலுக்கு ஆவும்னு வச்சிருப்பாங்க" என்றார். நம் ஜனங்களை அவர் அறிந்த அளவுக்கு நான் அறியவில்லை.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். அவருடைய அக்காள் என்னைத் தனியே அழைத்து, "காய்ச்சல் ஏறினப்பல்லாம் உங்களத்தான் கேட்டுக்கினு இருந்தா. அண்ணன் வந்தாரா, புட்டி கெடைச்சிதான்னு. கெடைச்சிடுச்சின்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரல" என்றார். எனக்கும் வந்திருக்காது. காலமெல்லாம் பொய்யை விற்றவன் நான், அவரிடம் மட்டும் அது போணியானதில்லை.

அவருடைய புத்தகங்களைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. என்னிடம் இருப்பது அந்தத் தேடல் ஒன்றுதான். கண்டக்டர் சொன்னதும் நான் பயந்தது, இனி அதைத் தேட நான் ஒருவன்தான் என்றுதான். அந்தப் பெண் உங்கள் சொந்தமாக இருக்கலாம், பக்கத்து வீடாக இருக்கலாம். பரணிலும் மாடத்திலும் பாருங்கள். பழுப்புப் புட்டி, யானைக்குட்டிப் படம், அடியில் வெள்ளையாக ஊசி மாதிரி நிற்கும். காய்ச்சல் என்று யாராவது அதற்குக் கை நீட்டும் முன்னே எடுத்துவிடுங்கள். அலசாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, திண்டிவனத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். ஏற்கெனவே குடித்துவிட்டிருந்தால், அதையும் வந்து சொல்லுங்கள். நீங்கள் மண்ணை வாரித் தூற்ற இனி அவர் இல்லை. நான் இருக்கிறேன்.