பிடிமண்

அன்றைக்கு அந்தப் பொட்டலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நான். எனக்கு மோட்டார் சைக்கிள் பழக்கிய பஸ் ஷெட் மெக்கானிக். என் மாமனார். ஐயனார் கோயில் வாசலில் பழைய மண்குதிரைகளின் உடைந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த வேளார். அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் குதிரை செய்து கொடுக்கிறவர் அவர்தான். உசிலை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த, வெள்ளாடு மேய்க்கிற ஒரு அம்மாள். அவ்வளவுதான். ஆறாவதாக ஒரு ஆள் இல்லை. வண்டியும் ஒன்றுதான்.

அது சண்டைக்காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். புதுக்கோட்டையில் ஓடிய பஸ்களில் பாதி கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். அவை ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். குளத்தூர்ப் பக்கம் ஒரு பஸ் நின்றுவிட்டால் சாமான் கொண்டுபோக ஆள் வேண்டும். அதற்காக எங்கள் முதலாளி, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் போட்டார். அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த வேலை. சம்பளம் இரண்டு பங்கு.

நான் அப்போது பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பள்ளிக்கூடத்தை மூன்றாம் பாரத்தில் விட்டதே பரீட்சைக்குப் பயந்துதான். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கழுவும்போது சக்கரம் தானாக உருண்டுவிடுமோ என்று இரண்டு பக்கமும் கல் வைப்பேன். கல் நகர்ந்துவிட்டதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன் மோட்டார் சைக்கிள் ஏறத் துணிந்ததற்குக் காரணம் என் பெண்டாட்டி. கல்யாணம் ஆன சில மாதத்தில் ஆடிக்கு அழைத்துப் போன மாமனார் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கேட்கப் போனபோது வாசலில் நிற்க வைத்தே சொன்னார்.

"பஸ் கழுவுறவனுக்குப் பொங்கிப் போட நான் பொண்ணு வளக்கல மாப்ள. மோட்டார்க்காரனா வாங்க. வண்டிய ஓட்டிக் காட்டுங்க. அன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்."

உள்ளே கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பழகிய இடம் ஊருக்கு வெளியே, நார்த்தாமலைப் பாறைகள் தூரத்தில் தெரியும் ஒரு செம்மண் பொட்டல். காலை பஸ்கள் போய் மாலை பஸ்கள் வருவதற்கு இடையில்தான் மெக்கானிக்குக் கை ஒழியும். ஆகவே உச்சிப்பொழுதில்தான் பழக்கம். உச்சியில் பொட்டலில் நிற்காதே என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பிள்ளை வளர்ப்பார்கள். நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கும் நேரம். காக்கை கூடக் கத்தாது. பொட்டலின் ஓரமாக ஐயனார். அவருக்கு முன்னால் இரண்டு வரிசையாக மண்குதிரைகள், ஆள் உயரத்துக்கும் மேலே, வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு. வெயில் அடித்து அடித்துச் சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து போனவை. கண்கள் மட்டும் உதிரவில்லை.

முதல் நாள் கிக்கரை மிதித்தேன். அது திருப்பி மிதித்தது. முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அடுத்த தடவை கிளச்சைப் பொசுக்கென்று விட்டேன். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல வண்டி துள்ளி, என்னைக் காரைமுள்ளில் போட்டுவிட்டுத் தனியே கொஞ்ச தூரம் போய்ப் படுத்தது. மெக்கானிக் என்னைவிட இளையவன். அவன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"வண்டிக்கு வழி தெரியுதுண்ணே. ஒங்களுக்குத்தான் தெரியல."

மூன்றாவது சங்கடம் ஐயனார். எங்கள் பக்கத்தில் அவர் வாசலை யாரும் ஏறின வாக்கில் கடப்பதில்லை. மாட்டு வண்டிக்காரனும் இறங்குவான், சைக்கிள்காரனும் இறங்குவான். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி நடந்து போவார்கள். பொட்டலைச் சுற்றி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் வாசல் வரும். இறங்கவும் முடியாது, சும்மா போகவும் மனசு கேட்காது. ஒரு தடவை என்னை அறியாமல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "யோவ் அண்ணே, ரெண்டு கையும் சாமிக்குன்னா வண்டிக்கு யாரு? மொதலாளி ஒரு பாட்டில் பெட்ரோல் குடுக்கிறாரு, அதுல நீங்க கும்புடவா செய்றீங்க? தலைய ஆட்டிட்டுப் போங்க. அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

கோவித்துக்கொண்டாரோ இல்லையோ, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

குதிரை வரிசையைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் வந்தது. அதே தடதடப்பு, ஆனால் என் வண்டியோடு ஒத்துப் போகாமல் கொஞ்சம் பிந்தி. ஷெட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று ஒதுங்கினேன். யாரும் கடந்து போகவில்லை. நிறுத்திப் பார்த்தால் பொட்டல் காலியாக இருந்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"குதிரைக்கு வயிறு காலிதானேண்ணே. சத்தம் உள்ள பூந்து வெளிய வருது. பானைக்குள்ள வாய வச்சுக் கூவுனது இல்லயா சின்னப் பிள்ளையில?"

நியாயமாகத்தான் பட்டது. இரண்டொரு நாள் நானும் அப்படியே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. என் எஞ்சினை அணைத்தால் அது உடனே நிற்பதில்லை. முதலில் ஒரு மூச்சு நேரம்தான் பிந்தியது. போகப் போக அது கூடிக்கொண்டே வந்தது. பானை, கூவின பிறகு எவ்வளவு நேரம் கூவும்? அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வண்டி ஓட்டப் பயப்படுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிடுவானோ என்று பயம்.

பெட்ரோல் கூப்பன் தீர்ந்து வந்தது. "இதான் கடைசிப் பாட்டில்னு சொல்லச் சொன்னாரு. இன்னைக்கு ஓட்டுனா ஒங்களுக்கு, இல்லாட்டித் திருச்சியிலேர்ந்து ஆளு வருது," என்றான் மெக்கானிக். அன்றைக்குத்தான் மாமனாரையும் வரச் சொல்லியிருந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. வந்தவர் உட்காரவில்லை. குடைக்குள் நின்றபடியே, "ம், ஓட்டுங்க" என்றார், ஜல்லிக்கட்டுக்கு வந்தவர் மாதிரி.

முதல் சுற்று நன்றாகப் போனது. கியர் மாற்றினேன், வண்டி இருமவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் மாமனார் குடையைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். இரண்டாவது சுற்றில் குதிரைகளைத் தாண்டும்போது பின்சத்தம் சேர்ந்துகொண்டது. வழக்கமாக இருக்கும் தூரத்தில் இல்லை. கிட்டத்தில். என் முதுகுச் சட்டையில் சூடு படுகிற கிட்டத்தில். பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. செம்மண் புழுதி, வெயில், கண் விழித்து நிற்கும் குதிரைகள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் ஐயனார் வாசலில் குப்புற விழுந்து கிடந்தேன். வண்டி பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. டாங்க்கிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த வேகத்தில் கையில் அகப்பட்டதை இறுகப் பிடித்திருந்தேன்.

கிட்டத்தில் இருந்தவர் வேளார்தான். என்னைத் தூக்கிவிட வலது கையை நீட்டினார். நானும் என் வலது கையை நீட்டி அவர் உள்ளங்கையில் வைத்து விரலைத் திறந்தேன். என் கையில் இருந்தது ஒரு பிடி மண். ஐயனார் வாசல் மண்.

வேளார் முகம் மாறிப்போனது. தூக்க வந்தவர் தூக்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து, ஒரு துகள் சிந்தாமல் அந்த மண்ணை ஏந்திக்கொண்டார். அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஐயனாருக்குக் குதிரை நேர்ந்துகொள்கிறவன் வாயால் சொல்வதில்லை. அவர் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுப்பான். அதுதான் பிடிமண். வேளார் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதைக் கலந்து குதிரை செய்தே தீர வேண்டும்; கொடுத்தவன் குடும்பத்தோடு வந்து கோயிலில் சேர்த்தே தீர வேண்டும்.

"என்ன வேண்டுதல் தம்பி?" என்று கேட்டார் வேளார், குனிந்து, காதோரமாக.

தவறிக் கொடுத்துவிட்டேன், விழுந்ததில் கையில் ஒட்டியது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அவ வீட்டுக்கு வரணும்."

மாமனார் அதற்குள் ஓடி வந்து பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. மெக்கானிக் இடையில் புகுந்தான்.

"மண்ணுக்குதிரைய நம்பி ஆத்துல எறங்குறேங்கிறீங்களேண்ணே. மொதல்ல இந்தக் குதிரைய நிமித்துங்க."

"அது சுடாத குதிரைக்குச் சொன்னது அப்பு," என்றார் வேளார், மண்ணை வேட்டி மடியில் முடிந்துகொண்டே. "நான் செய்யிறது சூளையில வேகுறது. கரையாது. கொடுத்தவுகளும் கரைஞ்சு போயிர முடியாது."

வண்டியை நிமிர்த்தினோம். விளக்குக் கண்ணாடி போய்விட்டது. பெட்ரோலும் ஒரு சுற்றுக்குத்தான் தேறும் என்றான் மெக்கானிக். முழங்கை எரிய ஏறி உட்கார்ந்தேன். பின்சத்தம் இந்த முறை குதிரை வரிசைக்காகக் காத்திருக்கவில்லை. கிளம்பின இடத்திலேயே சேர்ந்துகொண்டது. நான் திரும்பவில்லை. கழுத்து மரத்துப்போனது, திரும்பவில்லை. ஐயனார் வாசலில் தலையை ஆட்டினேன். பொட்டலைச் சுற்றி அவர்கள் நின்ற இடத்துக்கு வந்து சேரவும் எண்ணெய் தீர்ந்து என் எஞ்சின் நின்றது.

அது நிற்கவில்லை. பின்னாலிருந்து தடதடத்து வந்து, எனக்கு இடது பக்கமாக, கை நீட்டினால் தொடும் இடத்துக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அணைந்தது.

மெக்கானிக் என் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். என் மாமனார் குடையை மடக்கினார். செருப்பிலிருந்து காலை எடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்காக இல்லை. என் இடது பக்கத்தைப் பார்த்து.

உசிலை மரத்தடி அம்மாள் அப்போதுதான் எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்களைக் கடந்தாள். அது வரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வண்டி ஓடுச்சே, இன்னொருத்தரு எங்கிட்டுப் போயிட்டாரு?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. ஆடுகள் முன்னால் போய்விட்டன.

மறுநாள் காலையில் மாமனாரே மாட்டு வண்டியில் என் பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டார். பாத்திரம் பண்டம், ஒரு மூட்டை நெல். "பிடிமண் கொடுத்த வீட்டுல புருசனும் பெண்டாட்டியும் பிரிஞ்சிருக்கப்படாது," என்றார். வேலையும் கிடைத்தது. நான் ஓட்டியது சரிதான் என்று மெக்கானிக் முதலாளியிடம் சொன்னான். மற்றதைச் சொல்லவில்லை.

குதிரைக்குப் பன்னிரண்டு ரூபாய் பேசினோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குதிரை வெந்து, வெள்ளையடித்து, வேளார் கொட்டகையில் நின்றது. கண் மட்டும் எழுதவில்லை. கோயிலில் சேர்க்கும் அன்றைக்குத்தான் கண் திறப்பார்கள். கடைசியாகப் போனபோது வேளார் சொன்னார்: "பாக்கிய இப்ப வேணாம். கண்ணு தொறந்ததும் கையில குடு."

அந்தப் பங்குனியில் வாந்திபேதி கண்டு வேளார் போய்விட்டார். அவர் தம்பி, குதிரையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களோடு கோயில் வரைக்கும் வந்தார். வரிசையில் கடைசியாக நிறுத்தினார். கண் எழுத மறுத்துவிட்டார். காசையும் தொடவில்லை. "மண்ணை வாங்குன கை வேறங்க. அது திறக்க வேண்டிய கண்ண நான் திறக்க மாட்டேன்." நானும் என் பெண்டாட்டியும் கண்ணில்லாத அந்த முகத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு பின்னால் சத்தம் வந்ததே இல்லை. அந்த வழியாகப் போகும்போது இப்போது அது முன்னால் கேட்கிறது. நான் போய்ச் சேருவதற்கு முன்பே வரிசையின் கடைசியில், ஆளுக்காக நிற்கும் மோட்டார் போல, மெதுவாக, சீராக. கிட்டப் போனால் அடங்கிவிடும். என் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவளுக்கும் கேட்கும். என் தோளை அழுத்துவாள். "எறங்குங்க," என்பாள். "குடுக்க வேண்டியதக் குடுத்துருவோம்." இறங்குவோம், செருப்பைக் கழற்றுவோம், மடியில் முடிந்திருப்பதை அவிழ்ப்பேன். வாங்குகிற கை எது என்று தெரியாமல் திரும்ப முடிந்துகொள்வேன்.

பாக்கி மூன்று ரூபாய் நாலணா.