உலகம் அழிந்த பிறகு எத்தனை விளக்கு?

இருட்டைக் கண்டால் கை பரபரக்கும், அதுதான் லைட் போடுகிறவனின் வியாதி. அதே வியாதி உள்ள நண்பர்களே, இது உங்களுக்குத்தான்.

பினாங்கில் பதினெட்டு வருடமாகக் கல்யாணங்களுக்கு லைட் போடுகிறேன். ஒரு சினிமாவுக்காவது போட வேண்டும், திரையில் பெயர் வர வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. போன வருடம் சுமதி என்ற இளம் இயக்குநர் கூப்பிட்டார். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. வானத்தைச் சாம்பல் மூடிவிட்டது, கரண்ட் கிடையாது. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் பூட்டிக் கிடந்த ஒரு ஜாதிக்காய்க் கொட்டகையில் படப்பிடிப்பு. "மூணு நாள் பார்ப்போம்ணே. சரிப்படலன்னா கேஎல்லேருந்து ஆள் வரச் சொல்லிடுவேன்" என்று கோலாலம்பூரைக் காட்டிப் பயமுறுத்தினார் சுமதி. நானோ சினிமாவில் என் பெயர் வரப்போகிறது என்று வீட்டில், கோயிலில், முடிவெட்டும் கடையில் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

முதல் நாள்: பழக்க தோஷம்

அம்மாவும் மகளும் பசியோடு உட்கார்ந்திருக்கும் காட்சி. அம்மாவாக நடித்தவருக்கு முகமெல்லாம் கரி பூசி, கந்தல் உடுத்தி உட்கார வைத்தார்கள். என் கை சும்மா இருக்குமா? முகத்துக்கு இரண்டு லைட், தலைமுடி மின்னப் பின்னாலிருந்து ஒன்று. கரி போன இடம் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. மானிட்டரைப் பார்த்த சுமதி என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அண்ணே, உலகம் அழிஞ்சு ஏழு வருஷமாச்சு. இவங்க பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காப்பி கொண்டு வர்ற மாதிரி இருக்காங்களே!"

இரண்டாம் நாள்: எல்லாம் ஆரஞ்சு

ராத்திரி முழுக்க இந்த மாதிரி வெளிநாட்டுப் படங்களாகத் தேடிப் பார்த்துத் தள்ளினேன். உலகம் அழிந்தால் வானம் ஆரஞ்சு நிறமாகிவிடும் போலிருக்கிறது. விடுவேனா? எல்லா லைட்டுக்கும் ஆரஞ்சுத் தாள், மூலைக்கு மூலை புகை. சுமதி போனை எடுத்துக் கேஎல் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மகளாக நடித்த பெண் வேறு இருமிக்கொண்டே கேட்டாள்: "அங்கிள், தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல்ல உக்காந்த மாதிரி இருக்கு லா. மோர் எப்ப தருவாங்க?"

மூன்றாம் நாள்: வள்ளி அக்கா

ஒன்றும் ஓடவில்லை. மதியம் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கொட்டகைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அம்மாவும் மகளும் அதே கந்தல் வேஷத்தில், தரையில் உட்கார்ந்து, நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்த பக்கத்து வீட்டு வள்ளி அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயையோ, உங்க பக்கம் கரண்டு போச்சா? பாவம், இருட்டுல சாப்பிடுதுங்க!" என்று ஓடிப்போய், ஒரு சிம்னி விளக்கை ஏற்றிக் கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

பாதி முகம் தெரிந்தது, பாதி இருட்டுக்குள் போனது. கை, சோறு, கண், அவ்வளவுதான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. "யாரும் அசையாதீங்க!" என்று கத்தியது நான்தான். கேமராவுக்கு அந்த வெளிச்சம் போதாது என்று விளக்குக்குப் பின்னால் ஒரு குட்டி பல்பை மறைத்து வைத்தேன். ஜன்னலில் பாதிக்குக் கறுப்புத் துணி கட்டினேன். எடுத்து முடித்ததும் சுமதி, "கேஎல் ஆள் வேணாம்ணே" என்று போனைப் பைக்குள் போட்டார். கால் தரையில் பாவவில்லை எனக்கு. விளக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, என் பெயர் திரையில் வரப்போகிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சிம்னியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "விளக்கு என்னோடது, பேரு மட்டும் உங்களோடதா தம்பி?"

பதினெட்டு வருடம் ஆயிரம் ஆயிரமாக லைட் எரியவிட்ட என் பெயர், ஒரே ஒரு விளக்கின் புண்ணியத்தில் திரையில் வந்தது, அதுவும் வள்ளி அக்காவின் பெயருக்குக் கீழே.